ரீகாம்பினன்ட் மனிதப் புரதம்: குப்பியைத் தேர்வதிலிருந்து செல்லில் சேர்ப்பது வரை முழுமையான வழிகாட்டி

ஆய்வுக்காக ஒரு சைட்டோகைனோ (செல்கள் ஒன்றுக்கொன்று செய்தி சொல்லப் பயன்படுத்தும் புரதம்) வளர்ச்சிக் காரணியோ வாங்கினால் கைக்கு வருவது ஒரு சின்னக் குப்பி. உள்ளே 5 அல்லது 10 மைக்ரோகிராம் புரதம் இருக்கும். பல சமயம் கண்ணுக்கே தெரியாது. லேபிளில் எடை அச்சாகியிருக்கும். ஆனால் செல்களுக்கு எடை தெரியாது, செயல்திறன்தான் தெரியும். இந்த இரண்டுக்கும் நடுவில் புரதம் தொலைந்துபோக நிறைய இடம் இருக்கிறது. மூடியில் ஒட்டிக்கொண்டு நின்றுவிடலாம், பிளாஸ்டிக் சுவரில் படிந்துவிடலாம், நுரையில் உருக்குலையலாம், உறைந்தும் உருகியும் கெட்டுப்போகலாம்.

சோதனை சொதப்பினால் நாம் முதலில் செல்களைச் சந்தேகிக்கிறோம், அப்புறம் ஆன்டிபாடியை. புரதத்தின் மேல் சந்தேகம் வருவது கடைசியில்தான். அந்த வரிசையை மாற்ற வேண்டும் என்பது என் உறுதியான கருத்து. குப்பியைத் திறந்த முதல் அரை மணி நேரத்தில் செய்வதும் செய்யாமல் விடுவதும் அடுத்த பல மாதங்களின் தரவைத் தீர்மானிக்கின்றன.

எடுத்துக்காட்டுக்கு இன்டர்லூக்கின்-6, டிஎன்எஃப் ஆல்ஃபா, ஈஜிஎஃப், டிஜிஎஃப் பீட்டா-1 ஆகியவற்றை அடிக்கடி எடுத்துக்கொள்கிறேன். மற்ற புரதங்களுக்கும் முறை பெரும்பாலும் இதுவேதான்.

தொடங்குமுன்

ஒரு மனித ஜீனை வேறொரு செல்லுக்குள் செலுத்தி, அந்தச் செல்லையே புரதத்தைச் செய்ய வைத்து, பிறகு பிரித்துச் சுத்திகரித்து எடுப்பதுதான் ரீகாம்பினன்ட் மனிதப் புரதம். 1977இல் சொமாட்டோஸ்டாட்டின் என்ற 14 அமினோ அமிலங்கள் கொண்ட ஹார்மோன் ஈ. கோலை பாக்டீரியாவில் தயாரானது. அடுத்த ஆண்டே மனித இன்சுலின் அதே வழியில் வந்தது. 1982இல் அமெரிக்காவில் மருந்தாக அனுமதி பெற்றது. இன்று ஆய்வகங்களில் புழங்கும் நூற்றுக்கணக்கான புரதங்களும் இதே வழியில் பிறந்தவைதான்.

இங்கே ஒன்றை அழுத்திச் சொல்ல வேண்டும். ‘ஆய்வுப் பயன்பாட்டுக்கு மட்டும்’ என்று லேபிளில் இருந்தால், அது மனித உடலுக்குள் எந்த வழியிலும் போகக் கூடாத பொருள். மருந்துத் தரத்துக்கான கிருமியின்மைச் சோதனை, அசுத்தங்களின் கட்டுப்பாடு, தொகுதிவாரியான கண்காணிப்பு எதுவும் அதற்கு நடந்திருக்காது. பெயரும் அமினோ அமில வரிசையும் மருந்தோடு அச்சாகப் பொருந்தினாலும் அது வேறு பொருள்தான்.

படி 1: எந்தச் செல்லில் தயாரானது என்று பாருங்கள்

ஒரே புரதம் பல வடிவங்களில் விற்பனைக்கு இருக்கும். விலையைப் பார்ப்பதற்கு முன் அதைத் தயாரித்த செல்லைப் பாருங்கள்.

ஈ. கோலையில் செய்தவை மலிவு, அளவும் நிறைய கிடைக்கும். ஆனால் பாக்டீரியா மனிதச் செல்லைப் போலச் சர்க்கரைச் சங்கிலிகளைச் சேர்ப்பதில்லை. டைசல்ஃபைடு பிணைப்புள்ள புரதங்கள் அதற்குள் அடிக்கடி கரையாத கட்டிகளாகச் சேர்ந்துவிடும். அவற்றை யூரியா போன்ற பொருளால் பிரித்து, மறுபடி சரியான வடிவத்துக்கு மடிய வைக்க வேண்டியிருக்கும். அந்த மடிப்பு எவ்வளவு நன்றாக நடந்தது என்பதைச் செயல்திறன் எண்தான் காட்டும். முன்முனையில் ஒரு கூடுதல் மெத்தியோனின் இருப்பதும் சகஜம். எண்டோடாக்சின் இந்த வழியின் பெரிய தலைவலி. அதற்குத் தனியாக வருகிறேன்.

ஹெக்293 என்ற மனிதச் செல் வரிசையிலும், சைனீஸ் ஹாம்ஸ்டரின் சினைப்பைச் செல்களிலும் செய்தவற்றுக்குச் சர்க்கரைச் சங்கிலி இருக்கும், மடிப்பும் இயல்பாக அமையும். விலை கூடும். பூச்சிச் செல்லும் ஈஸ்ட்டும் சர்க்கரையைச் சேர்க்கும், ஆனால் அது மனிதப் பாணியில் இருக்காது.

எல்லாவற்றுக்கும் விலை கூடியதே தேவை என்று நினைக்க வேண்டாம். இன்டர்லூக்கின்-6 மனித உடலில் சர்க்கரை சேர்ந்தே இருக்கிறது, ஆனால் ஈ. கோலையில் செய்த, சர்க்கரையில்லாத வடிவமும் செல் வளர்ப்பில் நன்றாகவே வேலை செய்கிறது. 53 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட ஈஜிஎஃப்புக்கும் பாக்டீரியா போதும். ஏற்பியோடு (செல்லில் அந்தப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் மூலக்கூறு) சேர்வதற்கே சர்க்கரை தேவைப்படும் புரதம், பல துண்டுகள் இணைந்து அமையும் புரதம், ஏற்பியின் வெளிப்பகுதி, பெரிய என்சைம் போன்றவற்றுக்குத்தான் பாலூட்டிச் செல்லைத் தேட வேண்டும்.

வரிசையின் எல்லைகளையும் டேட்டாஷீட்டில் பாருங்கள். இன்டர்லூக்கின்-6இன் முன்னோடி வடிவத்தில் 212 அமினோ அமிலங்கள் உண்டு. செல்லை விட்டு வெளியேறும்போது தலைப்பகுதி வெட்டப்பட்டு 183இல் இருந்து 185 வரை மிஞ்சும். விற்பனைக்கு வருவது இந்த முதிர்ந்த வடிவம். வேறு பல புரதங்களில் ‘முழு நீளம்’, ‘துண்டு’ என்று இரண்டு வகையும் விற்கப்படும். ஆன்டிபாடிக்கு இலக்காக மட்டும் பயன்படும் ஒரு துண்டை வாங்கிச் செல்லில் போட்டுவிட்டு விளைவைத் தேடுவது வீண் அலைச்சல்.

பிறகு டேக், அதாவது புரதத்தோடு கூடுதலாக இணைத்த துண்டு. ஹிஸ்டிடின் டேக் சின்னது, பெரும்பாலும் தொந்தரவு தராது. ஆன்டிபாடியின் எஃப்சி பகுதி இணைந்த வடிவங்கள் அப்படியல்ல. முதலாவது, அவை இரட்டையாகச் சேர்ந்துவிடும். இரண்டாவது, மேக்ரோஃபேஜ் போன்ற செல்களில் எஃப்சி ஏற்பிகள் இருப்பதால், கிடைக்கும் விளைவு உங்கள் புரதத்தாலா டேக்காலா என்று தெரியாது. எஃப்சி மட்டும் உள்ள புரதத்தைக் கன்ட்ரோலாக, அதாவது ஒப்பீட்டுக்காக, வைத்தே ஆக வேண்டும். மூன்றாவது, எடை ஏறிவிடும். ஈஜிஎஃப் ஏறத்தாழ 6.2 கிலோடால்டன், எஃப்சி ஒரு சங்கிலிக்கு ஏறத்தாழ 26. ஒரு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம் என்றால் வெறும் ஈஜிஎஃப் 1.6 நானோமோலார், எஃப்சி இணைந்தது 0.3தான். இரண்டையும் ஒப்பிடும்போது நானோகிராமில் பேசாமல் மோலில் பேசுங்கள்.

படி 2: உங்கள் செல் எந்த உயிரினத்துடையது?

மனிதப் புரதம் எலிச் செல்லில் வேலை செய்யுமா என்ற கேள்விக்குப் பொதுவான பதில் கிடையாது. புரதத்துக்குப் புரதம் மாறும்.

மனித இன்டர்லூக்கின்-6 சுண்டெலிச் செல்லில் வேலை செய்யும். சுண்டெலியுடையது மனிதச் செல்லில் செய்யாது. மனித இன்டர்லூக்கின்-2 சுண்டெலி டி செல்லைத் தூண்டும். மனித இன்டர்ஃபெரான் காமா, இன்டர்லூக்கின்-4, ஜிஎம்-சிஎஸ்எஃப் மூன்றும் சுண்டெலிச் செல்லில் பலன் தராது. டிஎன்எஃப் ஆல்ஃபாதான் ரொம்பச் சிக்கலானது: மனித வடிவம் சுண்டெலியின் முதல் ஏற்பியில் சேரும், இரண்டாவது ஏற்பியில் சேராது. அதாவது ஏதோ ஒரு விளைவு தெரியும், ஆனால் முழு விளைவு அல்ல. இப்படிப் பாதி வேலை செய்வதுதான் ஆளைத் திசைதிருப்பும்.

செல்லில் ஏற்பி இருக்கிறதா என்பதும் இங்கேயே கேட்க வேண்டிய கேள்வி. இன்டர்லூக்கின்-6க்கு உரிய தனி ஏற்பி கல்லீரல் செல்களிலும் சில வெள்ளையணுக்களிலும்தான் நன்றாக இருக்கிறது. மற்ற பல செல்களில் ஜிபி130 என்ற துணை ஏற்பி மட்டும் இருக்கும். அவற்றுக்கு இன்டர்லூக்கின்-6ஐ மட்டும் கொடுத்தால் பதில் வராது, கரையும் ஏற்பியையும் சேர்த்துக் கொடுக்க வேண்டும்.

படி 3: டேட்டாஷீட்டின் மூன்று எண்கள்

முதல் எண் தூய்மை. 95 சதவீதத்துக்கு மேல் என்று இருக்கும். எஸ்டிஎஸ் ஜெல்லில் (புரதங்களைப் பிரித்து அளவு வாரியாகப் பட்டைகளாகக் காட்டும் முறை) பார்த்ததா, எச்பிஎல்சியில் (கரைசலை அழுத்தத்தில் ஒரு நிரலுக்குள் செலுத்திப் பிரிக்கும் முறை) பார்த்ததா என்று கவனியுங்கள். ஜெல் ஓட்டும்போது புரதம் பிரிந்துவிடுவதால், கரைசலில் அது திரண்டு கிடந்ததா என்பதை ஜெல் சொல்லாது. அளவு பிரிக்கும் எச்பிஎல்சி சொல்லும். டிஜிஎஃப் பீட்டா-1 மாதிரி இரட்டையாக இருந்தால்தான் வேலை செய்யும் புரதமானால், ஒடுக்கிய (டைசல்ஃபைடு பிணைப்புகளை உடைத்து ஓட்டிய) ஜெல், ஒடுக்காத ஜெல் இரண்டின் படத்தையும் கேட்டு வாங்குங்கள். ஒடுக்காததில் 25 கிலோடால்டன் அருகிலும், ஒடுக்கியதில் அதில் பாதியிலும் பட்டை தெரிய வேண்டும்.

இரண்டாவது எண் செயல்திறன். ஈடி50 என்பது உச்ச விளைவில் பாதியைத் தரும் செறிவு. டிஎன்எஃப் ஆல்ஃபாவுக்கு வழக்கமாக எல்929 என்ற சுண்டெலிச் செல்லை ஆக்டினோமைசின்-டியோடு சேர்த்து, எவ்வளவு செல் சாகிறது என்று பார்ப்பார்கள். ஈடி50 மில்லிலிட்டருக்கு 0.05 நானோகிராம் என்றால், 10 லட்சத்தை 0.05ஆல் வகுங்கள்: ஒரு மில்லிகிராமுக்கு 2 கோடி யூனிட். மில்லிகிராமில் 10 லட்சம் நானோகிராம் இருப்பதால் வரும் கணக்கு இது. பழைய கட்டுரை ஒன்றில் ‘1000 யூனிட்’ என்று இருந்தால், இந்தப் புரதத்தில் அது 50 நானோகிராம்.

ஆனால் யூனிட் என்பது அந்தந்த நிறுவனம் தன் சோதனையில் அளந்தது. இரு நிறுவனங்களின் யூனிட்டை நேருக்கு நேர் ஒப்பிடக் கூடாது. உலக சுகாதார அமைப்பின் சர்வதேசத் தரமாதிரியோடு ஒப்பிட்டு, சர்வதேச யூனிட்டில் கொடுத்திருந்தால் மட்டும் ஒப்பிடலாம். செயல்திறன் பகுதியில் ‘சோதிக்கப்படவில்லை’ என்று இருந்தால், அந்தப் புரதத்தை ஆன்டிபாடிச் சோதனைக்கோ வெஸ்டர்ன் பிளாட்டுக்கோ வாங்கலாம். செல்லில் போட வாங்காதீர்கள்.

மூன்றாவது எண் எண்டோடாக்சின். இதில் கொஞ்சம் நின்று பேச வேண்டும், ஏனென்றால் நோயெதிர்ப்பு ஆய்வில் தவறான முடிவுக்கு இழுத்துப்போவதில் இதற்கு ஈடு இல்லை.

எண்டோடாக்சின் என்பது ஈ. கோலை போன்ற பாக்டீரியாவின் வெளிச்சவ்வில் இருக்கும் லிப்போபாலிசாக்கரைடு. ஒரு எண்டோடாக்சின் யூனிட் ஏறத்தாழ 100 பிகோகிராம். டேட்டாஷீட்டில் ‘மைக்ரோகிராமுக்கு 1 யூனிட்டுக்குக் குறைவு’ என்று போட்டிருந்தால், மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம் புரதம் சேர்க்கும்போது கூடவே 100 பிகோகிராம் வரை லிப்போபாலிசாக்கரைடும் போகக்கூடும். மோனோசைட்டும் டென்ட்ரிடிக் செல்லும் விழித்துக்கொள்ள அதுவே போதும். அவை டிஎன்எஃப்பையும் இன்டர்லூக்கின்-6ஐயும் வெளியிடும்; நீங்கள் அதைப் புரதத்தின் வேலை என்று எழுதிவிடுவீர்கள். இந்தச் செல்களோடு வேலை என்றால் 0.1 யூனிட்டுக்கும் கீழே உள்ளதைத் தேடுங்கள். ஃபைப்ரோபிளாஸ்ட், எபிதீலியச் செல் வரிசைகளில் இவ்வளவு பயம் வேண்டாம்.

எண்டோடாக்சினை அளக்கக் குதிரைலாட நண்டின் ரத்த அணுச் சாறு பல காலமாகப் பயன்படுகிறது. இப்போது அந்தச் சாற்றில் உள்ள ஃபேக்டர் சி என்ற என்சைமையே ரீகாம்பினன்ட் முறையில் தயாரித்து, நண்டைத் தொடாமல் சோதிக்க முடிகிறது. ரீகாம்பினன்ட் புரதத்தைச் சோதிக்க இன்னொரு ரீகாம்பினன்ட் புரதம் வந்திருப்பது எனக்கு மிகவும் பிடித்த முன்னேற்றம்.

உங்கள் மேஜையிலேயே செய்யக்கூடிய கன்ட்ரோல்கள் இரண்டு. புரதத்தின் ஒரு பகுதியைக் கொதிநீரில் வைத்துக் கெடுத்துவிட்டுச் செல்லில் சேர்த்துப் பாருங்கள். புரதம் போய்விடும், லிப்போபாலிசாக்கரைடு போகாது. அதை அழிக்க 250 டிகிரியில் அரை மணி நேர உலர் வெப்பம் வேண்டும். கொதித்த பிறகும் விளைவு அப்படியே இருந்தால் அது புரதத்தின் விளைவு இல்லை என்றே முதலில் எடுத்துக்கொள்ளுங்கள். ஈஜிஎஃப் போலச் சிறியதாகவும் டைசல்ஃபைடு பிணைப்பு நிறைந்ததாகவும் இருக்கும் புரதங்கள் வெப்பத்தைத் தாங்கிவிடும். அவற்றுக்கு இந்தச் சோதனை ஒத்துவராது. இரண்டாவது கன்ட்ரோல் பாலிமிக்சின்-பி. அது லிப்போபாலிசாக்கரைடைப் பிடித்துக்கொள்ளும். அதைச் சேர்த்ததும் விளைவு மறைந்தால் விஷயம் விளங்கிவிடும்.

படி 4: கேரியர் வேண்டுமா?

கேரியர் என்பது உங்கள் புரதத்தைக் காக்கக் கூடவே சேர்க்கும் இன்னொரு புரதம். செல் வளர்ப்புக்கு என்றால் மாட்டு சீரம் ஆல்புமின் சேர்ந்ததை வாங்குங்கள். நானோகிராம் அளவில் இருக்கும் புரதம் டியூப்பின் சுவரில் ஒட்டிக் காணாமல் போவதை ஆல்புமின் தடுக்கிறது. புரதத்தோடு சாயத்தையோ பயோட்டினையோ இணைப்பதற்கும், தட்டில் பூசுவதற்கும், மாஸ் ஸ்பெக்ட்ரோமெட்ரிக்கும், விலங்கில் ஆன்டிபாடி உருவாக்குவதற்கும் கேரியர் இல்லாததுதான் சரி. சாயம் இணைக்கும் வேலையில் ட்ரிஸ் பஃபரும் கூடாது, அதன் அமீன் சாயத்தைத் தின்றுவிடும். உயிருள்ள செல்லுக்குப் போகும் எதிலும் சோடியம் அசைடு இருக்கக் கூடாது.

படி 5: பார்சல் வந்ததும்

உறை உலர்த்திய புரதம் அறை வெப்பத்தில் வந்திருந்தால் பதற வேண்டாம். தூள் நிலையில் சில நாள் பயணத்தைப் பெரும்பாலான புரதங்கள் தாங்கும். திரவமாக உலர்பனியில் வர வேண்டியது உருகி வந்திருந்தால்தான் உடனே தெரிவிக்க வேண்டும். லாட் எண்ணைக் குறித்துக்கொண்டு, அந்த லாட்டின் பகுப்பாய்வுச் சான்றிதழை இறக்கிச் சேமித்துவிட்டு, மைனஸ் 20இலோ மைனஸ் 80இலோ வையுங்கள்.

படி 6: கரைப்பது

இந்தப் படியை அவசரமில்லாத ஒரு நேரத்துக்கு ஒதுக்கி வையுங்கள். செல்கள் இன்குபேட்டரில் காத்திருக்க, இடையில் ஓடிவந்து கரைக்கிற வேலை இல்லை இது.

முதலில் டேட்டாஷீட்டில் கரைப்பான் என்ன என்று படியுங்கள். பஃபரோடு சேர்த்தே உலர்த்தியிருந்தால் தூய நீர் போதும். அதில் பிபிஎஸ் (பாஸ்ஃபேட் சேர்ந்த உப்புக் கரைசல்) ஊற்றினால் உப்பு இரட்டிப்பாகும். நீரில் உலர்த்தியதென்றால் பிபிஎஸ். டிஜிஎஃப் பீட்டா-1 தனி ரகம்: 4 மில்லிமோலார் ஹைட்ரோகுளோரிக் அமிலத்தில், மில்லிலிட்டருக்கு 1 மில்லிகிராம் ஆல்புமின் சேர்த்துக் கரைக்க வேண்டும். நடுநிலையான பஃபரில் அது திரண்டு, கண்ட இடத்திலும் ஒட்டிக்கொள்ளும். ‘எல்லாவற்றுக்கும் பிபிஎஸ்’ என்ற பழக்கம் இந்தப் புரதத்தில்தான் அதிகமாகக் காலை வாரும்.

குப்பியை ஃப்ரீசரிலிருந்து எடுத்து, திறக்காமல் அறை வெப்பத்துக்கு வர விடுங்கள். குளிர்ந்த நிலையில் திறந்தால் காற்றின் ஈரம் உள்ளே படியும்.

அப்புறம் சென்ட்ரிஃபியூஜ். இதைத் தாண்டிப் போகவே கூடாது. பயணத்தில் குலுங்கிய தூள் மூடியின் உட்புறத்திலும் கழுத்திலும் ஒட்டியிருக்கும். மூடியைத் திருகியதும் அது காற்றில் போய்விடும். பிளாஸ்டிக் டியூப் என்றால் அரை நிமிடம் சுற்றினால் போதும். கண்ணாடிக் குப்பியைப் பொருத்தமான தாங்கியில் வைத்துக் குறைந்த வேகத்தில் சுற்றுங்கள். ரப்பர் அடைப்பான் உள்ள குப்பிகள் சிலவற்றில் உள்ளே வெற்றிடம் இருக்கும். மெல்ல விலக்கிக் காற்றை நிதானமாக உள்ளே விடுங்கள்.

திறந்து பார்த்தால் அடியில் ஒன்றுமே இல்லாதது போலத் தெரியலாம். கவலை வேண்டாம், 10 மைக்ரோகிராம் புரதம் அப்படித்தான் இருக்கும். வெள்ளையாகப் பஞ்சு போல ஏதாவது தெரிந்தால் அதில் பெரும்பகுதி ட்ரெஹலோஸ், மேனிட்டால் போன்ற தாங்குபொருளும் உப்பும்தான். தூளின் அளவை வைத்துப் புரதத்தின் அளவை மதிப்பிடாதீர்கள்.

கரைப்பானைச் சுவரோரமாக மெல்ல விடுங்கள். செறிவு மில்லிலிட்டருக்கு 100 மைக்ரோகிராமுக்குக் கீழே போகாதபடி பார்த்துக்கொள்ளுங்கள். 10 மைக்ரோகிராம் குப்பிக்கு 100 மைக்ரோலிட்டர் என்பது நல்ல கணக்கு. மூடியை இறுக்கி, குப்பியைச் சாய்த்து மெல்லச் சுழற்றுங்கள். திரவம் சுவரையும் கழுத்தையும் ஒருமுறை நனைத்து வரட்டும். வோர்டெக்ஸ் (வேகமாகக் குலுக்கிக் கலக்கும் கருவி) வேண்டவே வேண்டாம். பைப்பெட்டால் வேகமாக இழுத்துத் தள்ளி நுரை எழுப்பவும் கூடாது. காற்றும் நீரும் சந்திக்கும் பரப்பில் புரதம் விரிந்து உருக்குலையும். ஒவ்வொரு குமிழியும் அப்படி ஒரு பரப்பு. 15 இருந்து 30 நிமிடம் அப்படியே விட்டுவிட்டு, இன்னொரு முறை சுற்றித் திரவத்தை அடிக்குக் கொண்டுவாருங்கள்.

இந்த நிலையில் கரைசலை வடிகட்டத் தோன்றும். தவிர்க்க முடிந்தால் தவிருங்கள். இவ்வளவு சிறிய அளவில் வடிகட்டியே கணிசமான புரதத்தைப் பிடித்துக்கொள்ளும். கிருமியற்ற கரைப்பானும் சுத்தமான கைவேலையும் போதும். வடிகட்டியே தீர வேண்டுமென்றால், புரதத்தை அதிகம் பிடிக்காத பாலிஈதர்சல்ஃபோன் வடிகட்டியை ஆல்புமின் கரைசலால் முதலில் நனைத்துப் பயன்படுத்துங்கள். செல்லுலோஸ் நைட்ரேட் பக்கமே போகாதீர்கள்.

நானோடிராப்பில் (ஒளி உறிஞ்சலை வைத்துச் செறிவை அளக்கும் கருவி) அளந்து செறிவைச் சரிபார்க்கலாமா என்று கேட்பவர்கள் உண்டு. ஆல்புமின் சேர்த்திருந்தால் நீங்கள் அளப்பது ஆல்புமினைத்தான்.

படி 7: பங்கிட்டு உறைய வைப்பது

கரைத்த அன்றே பங்கிடுங்கள். மேலே சொன்ன 100 மைக்ரோலிட்டரை 10 மைக்ரோலிட்டர் பங்குகளாகப் பிரித்தால் ஒவ்வொன்றிலும் 1 மைக்ரோகிராம். ஒன்பது முழுப் பங்கு கிடைத்தாலே நல்லது. மீதி பைப்பெட் நுனியிலும் சுவரிலும் போகும். இதைவிடச் சின்னப் பங்கு வேண்டாம். திரவம் குறையக் குறைய அது தொடும் சுவரின் பங்கு கூடிக்கொண்டே போகும், ஒட்டிப்போகும் இழப்பும் கூடும். குறைவாக ஒட்டும் வகைப் பாலிப்ரோப்பிலீன் டியூப் சரியானது. கேரியர் இல்லாத புரதத்தை நீண்ட நாள் வைப்பதாக இருந்தால் 0.1 சதவீத ஆல்புமின் சேர்த்து வையுங்கள்.

மைனஸ் 80இல் வைப்பதே மேல். மைனஸ் 20 என்றால், தானாகப் பனி நீக்கும் ஃப்ரீசரில் வைக்காதீர்கள். அது பனியைக் கரைக்க அவ்வப்போது சூடாகும். வெளியே எடுக்காமலேயே உங்கள் புரதம் உருகி உறைந்துகொண்டிருக்கும். சோடியம் பாஸ்ஃபேட் பஃபரில் இன்னொரு சிக்கலும் உண்டு. மெல்ல உறையும்போது டைசோடியம் உப்பு முதலில் படிகமாகி வெளியேறுவதால், மிச்சமுள்ள திரவத்தின் பிஎச் பல படி இறங்கிவிடும். சின்னப் பங்கு, வேகமான உறைவு, கூடவே ஆல்புமின் ஆகிய மூன்றும் சேர்ந்து இந்தச் சேதத்தைக் குறைக்கும்.

எடுத்த பங்கை மறுபடி உறைய வைக்காதீர்கள். 4 டிகிரியில் ஒரு வாரத்துக்குள் முடித்துவிட்டு, மீதத்தைக் கொட்டுங்கள். மனசு வராதுதான். ஆனால் பாதி செத்த புரதத்தில் வாங்கிய தரவு அதைவிடச் செலவு. டியூப்பின் மேல் புரதத்தின் பெயர், லாட் எண், செறிவு, கரைப்பான், தேதி ஐந்தும் இருக்கட்டும்.

படி 8: வேலைக்கான நீர்ப்பு

ஆறு குழித் தட்டில் ஒரு குழிக்கு 2 மில்லிலிட்டர் ஊடகம், தேவையான செறிவு மில்லிலிட்டருக்கு 10 நானோகிராம். ஒரு குழிக்கு 20 நானோகிராம் வேண்டும். உங்கள் மூலக்கரைசலில் அது 0.2 மைக்ரோலிட்டர். பைப்பெட் அதை எடுத்ததாகக் காட்டும், உண்மையில் நுனியில் என்ன வந்தது என்று யாருக்கும் தெரியாது.

எனவே இடைக்கரைசல் செய்யுங்கள். 10 மைக்ரோலிட்டர் பங்கில், 0.1 சதவீத ஆல்புமின் உள்ள ஊடகம் 990 மைக்ரோலிட்டர். இப்போது மில்லிலிட்டருக்கு 1 மைக்ரோகிராம். இதில் 20 மைக்ரோலிட்டர் ஒரு குழிக்கு. எல்லாக் குழியிலும் ஒரே அளவு போயிருக்கும் என்று நம்பலாம். இடைக்கரைசலை அன்றன்றே செய்து, மிச்சத்தைக் கொட்டிவிடுங்கள். இவ்வளவு நீர்த்ததை உறைய வைத்தால் தாங்காது.

படி 9: முதல் சோதனை

கட்டுரையில் பார்த்த ஒரே செறிவை எடுத்து நேராகப் பெரிய சோதனைக்குள் இறங்காதீர்கள். முதலில் அளவு வளைவு போடுங்கள்: 100, 30, 10, 3, 1, 0.3, 0.1, அப்புறம் பூஜ்யம், எல்லாம் மில்லிலிட்டருக்கு நானோகிராமில். டேட்டாஷீட்டின் ஈடி50 அவர்களுடைய செல்லுக்கானது, உங்கள் செல்லில் அது வேறாக இருக்கும். வளைவு உச்சத்தில் தட்டையானால் நல்லது. சில புரதங்களில் உச்சத்துக்குப் பிறகு இறங்கும்; அங்கே ‘கூடுதலாகப் போட்டால் பலன் கூடும்’ என்ற எண்ணம் எடுபடாது. ஈடி50ஐப் போல மூன்றில் இருந்து பத்து மடங்கு வரை உள்ள செறிவை வேலைக்கு எடுத்துக்கொள்ளலாம்.

புரதம் உயிரோடு இருக்கிறதா என்று விரைவாகத் தெரிய, சிக்னலின் முதல் படியை, அதாவது செல்லுக்குள் செய்தியைக் கடத்தும் புரதங்களில் வரும் மாற்றத்தை, பாருங்கள். ஈஜிஎஃப் கொடுத்தால் 5 முதல் 10 நிமிடத்தில் இஆர்கே பாஸ்ஃபேட் ஏற்கும். இன்டர்லூக்கின்-6க்கு 15 நிமிடத்தில் ஸ்டாட்3. டிஎன்எஃப் ஆல்ஃபாவுக்கு 15 முதல் 30 நிமிடத்தில் ஐகப்பாபி ஆல்ஃபா மறையும். ஒரு மணி நேரம் கழித்துப் பார்த்தால் அது திரும்பி வந்துவிட்டிருக்கும், புரதம் வேலை செய்யவில்லை என்று தப்பாக நினைப்பீர்கள். டிஜிஎஃப் பீட்டா-1க்கு அரை மணியிலிருந்து ஒரு மணிக்குள் ஸ்மாட்2.

கரைப்பான் கன்ட்ரோலில் வெறும் ஊடகத்தை வைக்காதீர்கள். அதே பஃபர், அதே ஆல்புமின், அதே மைக்ரோலிட்டர் போக வேண்டும். டிஜிஎஃப்பில் இது அமிலம் என்பதால் இன்னும் முக்கியம். சீரத்தில் ஏற்கெனவே வளர்ச்சிக் காரணிகள் இருக்கின்றன, செயலற்ற நிலையில் டிஜிஎஃப் பீட்டாவும் இருக்கிறது. தூண்டுவதற்கு முன் செல்களைச் சீரம் குறைத்த ஊடகத்தில் வைக்காவிட்டால் அடிமட்டமே உயர்ந்து நிற்கும். ஏற்பியைத் தடுக்கும் ஆன்டிபாடி கிடைத்தால் அதோடும் ஒரு குழி வையுங்கள். விளைவு அதில் மறைந்தால் உங்கள் முடிவுக்கு அதைவிடப் பலமான ஆதாரம் வேண்டியதில்லை.

நாள்கணக்கில் ஓடும் வளர்ப்பில், புரதம் ஊடகத்திலேயே கெடுகிறது என்பதை மறக்காதீர்கள். எஃப்ஜிஎஃப்-2 என்ற வளர்ச்சிக் காரணி இதற்குப் பேர்போனது. 37 டிகிரியில் ஒரு நாளுக்குள் பெரும் செயல்திறனை இழக்கும். ஸ்டெம் செல் வளர்ப்பில் ஊடகத்தைத் தினமும் மாற்றுவதற்கு இதுவும் ஒரு காரணம். ஹெப்பரின் சேர்த்தால் அது இன்னும் நின்று பிடிக்கும்.

படி 10: வேலை செய்யாவிட்டால்

முதல் பங்கிலிருந்தே பலன் இல்லையென்றால், கரைத்த நாளின் குறிப்பைத் திறந்து பாருங்கள்: சுற்றினீர்களா, கரைப்பான் சரியா, செறிவு மிகக் குறைவாகப் போனதா. அது சரியென்றால் ஏற்பியும் உயிரினமும். நன்றாக இருந்து மெல்லக் குறைந்தால் சேமிப்பில் கோளாறு. இதுவரை உருகாத ஒரு பங்கை எடுத்து, பழையதோடு ஒரே தட்டில் ஓட்டினால் தெரிந்துவிடும். குழிக்குக் குழி முடிவு தாறுமாறாக இருந்தால் பெரும்பாலும் நீர்ப்பில்தான் தவறு. எதிர்பாராத செல்லெல்லாம் பதில் சொன்னால் எண்டோடாக்சின் கன்ட்ரோலுக்குத் திரும்புங்கள்.

புது லாட் வரும்போது, பழைய லாட்டில் குறைந்தது இரண்டு பங்கு மிச்சம் வைத்திருங்கள். ஒரே நாளில், ஒரே செல்லில், இரண்டுக்கும் அளவு வளைவு போட்டு ஈடி50ஐ ஒப்பிடுங்கள். மாறியிருந்தால் நானோகிராமை அதற்கேற்பத் திருத்தி, இரண்டு லாட் எண்களையும் குறிப்பேட்டிலும் கட்டுரையின் முறைகள் பகுதியிலும் எழுதுங்கள். ஒரு சோதனைத் தொடரின் நடுவில் லாட்டை மாற்ற நேர்ந்தால், மாற்றத்துக்கு முன்பும் பின்பும் எடுத்த தரவை இந்த ஒப்பீடு முடியும் வரை ஒன்றாகச் சேர்க்காதீர்கள்.